ஜெராக்ஸ் பால்

போன மாதம் அனிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, கடலூரில் எங்கள் பால் கம்பெனியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். நுகர்வோர் தொடர்பு அலுவலர் என்று பதவிக்குப் பெயர். நடைமுறையில், பால் திரிந்துபோனால் திட்டு வாங்குகிற வேலை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைக்கிறார்களாம். "மேடம், அந்த எருமைப் பால் பிரச்சினைய நீங்க சமாளிச்சத வந்து சொல்லுங்களேன். இவங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்" என்றாள்.

முட்டி வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். முட்டி வலி பொய்யில்லை. ஆனால் அதை வகுப்பில் நின்றுகொண்டு சொல்ல என்னால் முடியாது. எழுதலாம் என்று பட்டது. எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் வேதியியல் படித்தவள். கடலூர் முதுநகரில் எங்கள் சபையில், ரோஸ்லினுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் ஜெபம் செய்து செய்து, ஆண்டவருக்கே அலுத்துப்போய்த்தான் இந்தக் கம்பெனியைக் காட்டினார் என்று என் தம்பி கேலி செய்வான். சோதனைக்கூடத்தில் ஆரம்பித்தேன். கொழுப்பு பார்ப்பது, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது, சோடா போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது. சில வருடங்களில் கருவிக்கு முன்னால் என் மூக்கே சொல்லிவிடும். பிறகு புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கே எனக்கென்று ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டேன். புகார் வந்தால் போனில் வாதாட மாட்டேன். நேரே வீட்டுக்குப் போவேன். செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் அவர்கள் திட்டி முடிக்கும்வரை நிற்பேன். பிறகு பாக்கெட்டைக் கேட்டு வாங்கி முகர்ந்து பார்ப்பேன். பால் கெட்டிருந்தால் அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டு வேறு பாக்கெட் தருவேன். கெடவில்லை என்றால், "உங்க பாத்திரத்துலயே காய்ச்சலாமா?" என்று கேட்பேன். அவர்கள் அடுப்பு, அவர்கள் பாத்திரம். பொங்கி வந்ததும் இறக்கி, சர்க்கரை போடாமல், அவர்கள் கண்முன்னால் ஒரு டம்ளர் குடிப்பேன். அதற்குப் பிறகு பெரும்பாலும் பேச்சு இருக்காது. எனக்கும் ஒரு காப்பி போட்டுத் தந்து அனுப்புவார்கள். அந்த ஒரு டம்ளர் பாலில் எனக்கு இருந்த நம்பிக்கை வேதத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

எங்கள் கால்நடைப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் ஞானசம்பந்தம். வயதில் என்னைவிடப் பெரியவர், ஓய்வுக்குப் பிறகும் விடாமல் கம்பெனி அவரை வைத்திருந்தது. அவரைப் போல மாட்டைத் தொடுகிறவரை நான் பார்த்ததில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார், கையை உதற மாட்டார், தானாகக் காயும்வரை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே நிற்பார். மாட்டின் பக்கத்தில் போய் உடனே கை வைக்க மாட்டார். அது தன்னை முகர்ந்து பார்க்கட்டும் என்று நிற்பார். மனிதர்களிடம் பேசும்போதும் அப்படித்தான். கேட்ட கேள்விக்குப் பதில் வரும். கூடவும் வராது, குறையவும் வராது. "கவலைப்படாதீங்க" என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. "பொழைக்குமா சார்?" என்று கேட்டால் "பொழைக்காது" என்பார். அவரை நான் மிகவும் மதித்தேன். பொய் சொல்லாத ஒரு மனிதர் மேலே இருந்தால், கீழே இருக்கிறவளுக்குப் பெரிய தைரியம்.

அவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பால் கம்பெனி டாக்டர் கடுங்காப்பி குடிப்பதை நாங்கள் வேடிக்கையாகப் பேசுவோம். அவர் வயிறு அப்படி. வேறு காரணம் எதுவும் இல்லை.

எருமை விஷயத்துக்கு வருகிறேன். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், நன்றாகப் பால் கறக்கிற வம்சத்தில் பிறந்த ஓர் எருமைக் கடா இருந்தது. அதன் காதிலிருந்து துளியளவு தோலை எடுத்து, அந்தத் தோலின் உயிரணுவை ஒரு கருமுட்டைக்குள் வைத்து, வேறொரு எருமையின் வயிற்றில் வளர்த்தார்கள். பிறந்த கன்று அந்தக் கடாவின் அச்சு அசல். இதைத்தான் குளோனிங் என்கிறார்கள். அந்த அச்சுக் கடா வளர்ந்ததும் அதன் விந்திலிருந்து தயாரான சினை ஊசிகளை டாக்டர் வாங்கி வந்தார். புவனகிரி, குமராட்சி பக்கத்தில் எங்களுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த சில வீடுகளின் எருமைகளுக்கு அந்த ஊசிகள் போடப்பட்டன. பிறந்த கன்றுகள் குளோன் அல்ல. அப்பன்தான் அச்சில் வார்த்தவன். பிள்ளைகள் எல்லா எருமைகளையும் போல அம்மா வயிற்றில் உருவாகிப் பிறந்தவை. அவற்றில் பெண் கன்றுகளான கிடேரிகள் வளர்ந்து, ஈன்று, கறவைக்கு வந்தபோது நல்ல பால் கொடுத்தன. நானே சோதித்தேன். மற்ற எருமைப் பாலுக்கும் அதற்கும் சோதனைக்கூடத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

இதோடு விட்டிருந்தால் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. எருமைப் பாலுக்கென்று தனி பாக்கெட் போட்டார்கள். அதை விற்க விளம்பரப் பிரிவில் ஒரு நோட்டீஸ் அடித்தார்கள். ஒரே மாதிரி எருமைகள் வரிசையாக நிற்கிற படம். கீழே, "குளோனிங் அதிசயம், இனி உங்கள் டம்ளரில்." டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடம் கொடுத்து, கடைகளுக்குப் போடச் சொன்னார்கள்.

முதல் போன் சிதம்பரத்திலிருந்து வந்தது. ஒரு பெண், மிக மரியாதையாக, "எங்க வீட்டுக்கு எருமைப் பால் இனிமே வேணாம்மா" என்றாள். ஒரு வாரத்துக்குள் போனைக் கீழே வைக்க முடியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து யாரோ ஜெராக்ஸ் பால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் அதுவே பெயராகிவிட்டது. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில், "இங்கு ஜெராக்ஸ் பால் உபயோகிப்பதில்லை" என்று சிலேட்டில் எழுதி மாட்டியிருந்தார்கள். நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். மனதுக்குள் அவர்களை எல்லாம் படிக்காத கூட்டம் என்று நினைத்துக்கொண்டுதான் ஏறி இறங்கினேன்.

கடைசியில் சிதம்பரத்தில் ஒரு நுகர்வோர் குழு எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தது. தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். குழுவுக்குத் தலைமை சுலோச்சனா டீச்சர். பள்ளியில் விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. அறிவியல் தெரிந்தவர், நம் பக்கம் நிற்பார் என்று கணக்குப் போட்டேன். டாக்டரும் நானும் மேடையில் இல்லாமல், கீழேயே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். நான் ஸ்டவ், பாத்திரம், பால் எல்லாம் கொண்டுபோயிருந்தேன்.

டாக்டர் எழுந்து எல்லாவற்றையும் விளக்கினார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"பால் விஷம்னு நான் சொல்ல வரல டாக்டர். அது சுத்தமாவே இருக்கட்டும். எந்தப் பாக்கெட்ல இந்தப் பால் இருக்கு, எதுல இல்ல, அத மட்டும் சொல்லுங்க."

"அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாது. கொள்முதல்லயே கலந்துடுது."

"அப்ப வேணாம்னு நெனைக்கிறவங்க என்ன பண்றது?"

"எங்க எருமைப் பால வாங்காம இருக்கலாம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. டாக்டர் திமிராகச் சொல்லவில்லை. கேள்வி வந்தது, பதில் சொன்னார். டீச்சர் கையை உயர்த்திச் சலசலப்பை அடக்கினார். "நோட்டீஸ்ல பெருமையா படம் போட்டீங்க. நாங்க கேள்வி கேட்டதும் அந்த நோட்டீஸயே காணோம். நல்ல விஷயம்னா ஏன் மறைக்கணும்?" என்றார். நோட்டீஸ்களைக் கடைகளிலிருந்து கிழித்து எடுத்து வந்தவள் நான்தான்.

கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். "சார், இந்தப் பால குடிச்சா எம் புள்ளைக்குப் பின்னால ஒண்ணும் ஆகாதுன்னு எழுதித் தருவீங்களா?"

"எழுதித் தர மாட்டேன்மா" என்றார் டாக்டர். "எந்தப் பாலுக்கும் யாரும் அப்படி எழுதித் தர முடியாது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் கெடுதல் இல்ல."

முதல் வரிக்குப் பிறகு அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்டவைப் பற்றவைத்தேன். பால் பொங்கியது. ஆற்றி, டம்ளரில் ஊற்றி, எல்லோரும் பார்க்க முழுவதையும் குடித்தேன். எத்தனையோ சமையலறைகளில் எனக்குக் கைகொடுத்த வேலை. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்: "சம்பளம் வாங்குறவங்க குடிக்கத்தான் செய்வாங்க. பெரியவரு குடிக்கட்டும்."

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு வாய் குடித்துவிடுங்கள் சார் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"நான் பால் குடிக்கிறதில்ல" என்றார் டாக்டர்.

மண்டபம் முழுவதும் சிரிப்பு, கூச்சல். எந்தப் பாலும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான் கத்தினேன். எத்தனையோ போன்கள் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. சிரிக்காமல் இருந்தவர் டீச்சர் ஒருவர்தான். கூச்சல் அடங்கியதும் அவர் கேட்டார்: "இந்த மாடுங்கள வளக்கிறாங்களே, அவுங்களுக்காவது இது தெரியுமா?"

இதற்கு டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். தெரியும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாது. வடக்கேருந்து வந்த நல்ல ஊசின்னு மட்டும் சொல்லிப் போடச் சொன்னேன்."

"ஏன் சொல்லல?"

"அவுங்க கேக்கல."

டாக்டருக்கு முகம் கறுத்துப்போனது. தான் சொன்னது என்ன என்பதைச் சொல்லும்போதுதான் அவரே காதால் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது. நான் கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பாலாடை ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் நான் படிக்காத கூட்டம் என்று நினைத்திருந்த மனிதர்கள் கேட்டதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றில் ஒன்றைக்கூட நான் அந்த வேலையில் இருந்த காலத்தில் கேட்டதில்லை.

"நான் பால் குடிக்கிறதில்ல" என்கிற ஒரு வரி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. எம்.டி. எங்களைக் கூப்பிட்டார். "ஒரு வாய் குடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும் டாக்டர்?" என்றார். "வயித்தால போயிருக்கும்" என்றார் டாக்டர். அந்தப் பாலைத் தனி பாக்கெட்டில், இன்ன பால் என்று அச்சிட்டு விற்கலாம், வேண்டியவர்கள் வாங்கட்டும் என்று அவர் யோசனை சொன்னார். எம்.டி. அதைக் கேட்கிற மனநிலையில் இல்லை. அந்த எருமைகள் இருக்கிற வீடுகளில் பால் எடுப்பதையே நிறுத்தச் சொன்னார். மறுநாளே அறிவிப்பு அடித்து வந்துவிட்டது: "குளோன் எருமைப் பால் அறவே நீக்கப்பட்டது. இனி தூய பால் மட்டுமே."

டாக்டர் அதை நின்றபடியே படித்தார். "தூய" என்கிற இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அதைக் கடைகளில் ஒட்டினேன். கடைக்காரர்கள் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். "ஜனங்க சொன்னத காதுல வாங்குற கம்பெனிம்மா உங்களோடது" என்றார் ஒருவர். டீக்கடையில் சிலேட்டை இறக்கினார்கள். என் பணிக்காலத்தில் அன்று ஒரு நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டு வேறு என்றைக்கும் கிடைத்ததில்லை. அனிதா சொல்கிற சமாளிப்பு அதுதான்.

அடுத்த வேலை, கொள்முதல் நிலையங்களுக்குப் போய் இந்த முடிவைச் சொல்வது. குமராட்சியைத் தாண்டி, கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு ஊர். காலையில் பால் ஊற்ற வரிசை நின்றுகொண்டிருந்தது. நிலையத்தைப் பார்த்துக்கொள்கிற பொன்னுசாமியிடம் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வரிசையில் அஞ்சலை வந்தாள். அந்த ஊரில் அந்த ஊசிக்குப் பிறந்த எருமை அவள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. மைனா என்று பெயர். அஞ்சலையின் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டவன். பள்ளிக்கூடம் போகிற மகளும் அந்த எருமையும்தான் அவள் குடும்பம்.

பொன்னுசாமி அவள் கேனைத் தொடவில்லை. "ஒன்னோடத எடுக்க வேணாம்னு மேல சொல்லிட்டாங்கம்மா" என்றார்.

"என்னாத்துக்கு மாமா? தண்ணி கலந்தேன்னா?"

"அதெல்லாம் இல்ல. ஒன் எருமெ அந்த ஜெராக்ஸ் எருமையாம்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அஞ்சலைக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவள் நான். அத்தனை பேர் நடுவில், அவள் எருமையின் அப்பன் எப்படிப் பிறந்தான் என்பதை நான் முதல்முறையாக அவளுக்குச் சொன்னேன். பால் நல்ல பால்தான் என்றும் சொன்னேன்.

"நல்ல பாலுன்னா எடுத்துக்கங்க."

"ஜனங்க வேணாங்குறாங்க அஞ்சலை."

"அப்ப அது கெட்ட பாலு."

"அப்படி இல்லம்மா."

"ரெண்டுல ஒண்ணுதான மேடம் இருக்க முடியும்?"

அவள் கேனை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசை முழுவதையும் கடந்து, வந்த வழியே திரும்பிப் போனாள். பின்னால் ஒரு பெண், எனக்குக் கேட்க வேண்டும் என்றே, "அப்பன் இல்லாத எருமெ" என்றாள். அஞ்சலை காதிலும் அது விழுந்திருக்கும். அது எருமையைச் சொன்னதாக மட்டும் அவளுக்குப் பட்டிருக்காது. அவள் நடை மாறவில்லை. கழுத்து மட்டும் விறைத்திருந்தது. கேன் தளும்பி, பால் அவள் புடவையில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றைக் கேள்விப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஊர் டீக்கடைக்காரரும் அவள் பாலை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு அவள் கொடுத்துவந்த பாலை, பூசாரி, "இந்த வாரம் இருக்கட்டும்மா" என்று சொல்லித் திருப்பிவிட்டார். பள்ளியில் அவள் மகளை ஜெராக்ஸ் என்று கூப்பிட்டார்களாம். பிறகு மகள் சில நாள் பள்ளிக்குப் போகவில்லை.

எனக்கு இதைச் சொன்னவர் சுலோச்சனா டீச்சர். குமராட்சி அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அவருடைய பழைய மாணவி அவரிடம் சொல்லியிருக்கிறாள். டீச்சர் பஸ் ஏறிக் கடலூருக்கு, எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நான் என்ன கேட்டேன் ரோஸ்லின்? பாக்கெட்ல எழுதுங்கன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு வயித்துல அடிங்கன்னா கேட்டேன்?"

"எனக்குத் தெரியும் டீச்சர்."

"உங்க நோட்டீஸ்ல தூய பால்னு போட்டிருக்கீங்க. அப்ப அவ ஊத்துனது என்னா பாலு?"

அவர் குரல் இறங்கியது. "நானும் அந்த நோட்டீஸப் பாத்து ஜெயிச்சிட்டோம்னு சந்தோஷப்பட்டேன். தெருவுல எல்லாருக்கும் லட்டு குடுத்தோம்" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த அறையில் எங்களில் யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். மண்டபத்தில் எதிரெதிராக நின்ற இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, பாக்கெட்டில் என்ன எழுத வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகப் பேசினார்கள். அதிசயம் என்கிற சொல் இருக்கக் கூடாது என்றார் டீச்சர். தூய என்பதும் கூடாது என்றார் டாக்டர். கடைசியில், "குளோனிங் முறையில் பிறந்த கடாவின் வழிவந்த எருமைகளின் பால்" என்று முடிவானது. டாக்டர் அதை எடுத்துக்கொண்டு எம்.டி.யிடம் போனார். தனி பாக்கெட் இல்லையென்றால் தானும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவரை விட்டால் அந்த வட்டாரத்து மாட்டுக்காரர்கள் பாதிப்பேர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்று எம்.டி.க்குத் தெரியும். வேண்டா வெறுப்பாகச் சம்மதித்தார். குழுவில் விருப்பமுள்ளவர்கள் வாங்குவார்கள் என்று டீச்சர் உறுதி சொன்னார்.

அந்த நல்ல செய்தியோடு மூன்று பேரும் கம்பெனி ஜீப்பில் குமராட்சிக்குப் புறப்பட்டோம். புவனகிரியில் நிறுத்தி டீச்சர் பழம் வாங்கிக்கொண்டார். போகும்போது நான்கூடக் கொஞ்சம் சிரித்துப் பேசினேன் என்று நினைவு.

அஞ்சலை நடவுக்குப் போயிருந்தாள். காத்திருந்தோம். மதியத்துக்கு மேல், கெண்டைக்கால் வரை சேறோடு வந்தாள். எங்களைப் பார்த்து முகம் மாறவில்லை. தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு வந்து, "உக்காருங்க" என்று ஒரு பாயைப் போட்டாள். கொட்டகையில் மைனா நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அதன் கன்று, வயிறு பானையாக, பளபளவென்று இருந்தது. அவ்வளவு கொழுத்த எருமைக் கன்றை நான் அந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை.

நான் பார்ப்பதைப் பார்த்து அவளே சொன்னாள்: "யாரும் வாங்கலன்னா அதுதான் குடிக்குது. இந்த ஊர்லயே ஜாஸ்தி பாலு குடிச்சி வளந்த கன்னு இதுதான்."

டீச்சர் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். சிதம்பரத்தில் கேள்வி கேட்டது தான்தான் என்றும், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னார். அஞ்சலை நிதானமாகக் கேட்டாள்.

"நீங்க கேட்டது நாயம்தாம்மா. காசு குடுத்து வாங்குறவங்க கேக்கத்தான் செய்வாங்க. அந்தக் கூட்டத்துக்கு என்னையும் கூப்புட்டிருக்கலாம். எம் மாட்டப் பத்திதான பேசுனீங்க."

டீச்சர் கையிலிருந்த பழப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

டாக்டர் பாயில் உட்காரவில்லை. கொட்டகை ஓரம் அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, காதுத் தோலில் ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார். யாரும் கேட்காமலே அவர் அவ்வளவு பேசி அன்றுதான் பார்த்தேன். அஞ்சலை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மொதக் கடா இருந்துச்சே, அது என்னாச்சி?"

"செத்துப்போச்சும்மா. ரொம்ப நாளாச்சு."

"அப்ப செத்தத திரும்பக் கொண்டாந்தீங்களா?"

"இல்ல. இது வேற கடா. அதே மாதிரி இருக்கும், ஆனா அது இல்ல."

அவள் மைனாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஊசி போட்ட அன்னைக்கே இத சொல்லியிருந்தா, நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன் சார். நல்லா கறக்கும்னா போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். நீங்க சொல்லல. அன்னைக்கி அத்தன பேரு முன்னால, எம் மாடு என்னா மாடுன்னு அடுத்தவங்க சொல்லிக் கேட்டுக்கிட்டு நின்னேன்."

சொன்னவள் நான். டாக்டர், "தப்பு என்னோடதுதாம்மா" என்றார்.

பிறகு தனி பாக்கெட் விஷயத்தைச் சொன்னோம். நாளையிலிருந்தே பால் எடுத்துக்கொள்கிறோம், எல்லாம் எழுதித்தான் விற்கப் போகிறோம் என்று நான் சொன்னேன். புதுக் கேன் ஒன்றும் கொண்டுபோயிருந்தேன்.

"மத்தவங்கள கேட்டுப் பாருங்க மேடம். அவுங்க குடுப்பாங்க. நான் ஊத்தல."

"ஏன் அஞ்சலை? இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அந்த வரிசையில நின்னு இன்னொருக்கா என்னால திரும்ப முடியாது."

அதில் கோபம் எதுவும் இல்லை. வெயில் அதிகம், போக முடியாது என்பதுபோலச் சொன்னாள். மற்ற வீடுகள் பிறகு பால் ஊற்றின. அந்தப் பாக்கெட் சிதம்பரத்தில் கொஞ்சமாகத்தான் விற்றது, ஆனால் நிற்காமல் விற்றது. டீச்சர் கடைசிவரை அதை வாங்கினார். நான் ஓய்வு பெறும்வரை அஞ்சலை ஊற்றவில்லை.

நாங்கள் கிளம்ப எழுந்தபோது அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். "சார், வந்ததே வந்தீங்க. கன்னு மண்ணு திங்கிது. பூச்சி இருக்குதான்னு பாக்குறீங்களா?"

டாக்டர் முழங்கை வரை கழுவினார். கன்று அவரை முகர்ந்து முடிக்கும்வரை நின்றார். கண் இமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், பையிலிருந்து ஒரு மருந்துப் பாட்டிலை எடுத்தார். வழக்கமாக அப்போதே கன்றின் வாயைத் திறந்துவிடுவார். அன்று பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, அஞ்சலையின் பக்கம் திரும்பினார். இது இன்ன மருந்து, பூச்சியைக் கொல்வது, இதைக் கொடுத்தால் ரெண்டு நாள் கன்று கழியும், சோர்ந்து படுக்கும், கொடுக்காமல் விட்டால் இன்னது ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"குடுக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

அஞ்சலை கன்றின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, குட்டையாகப் பிடித்து, மறுபடி கட்டினாள். அதன் நெற்றியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். வயதான அந்த மனிதர் பாட்டிலும் கையுமாக அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். டீச்சரும் நானும் வாசலில் ஜீப்பைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

"குடுங்க" என்றாள்.